பெட்டியில் போன மட்டை

அன்புள்ள அக்கா,

வாய் மூடி இருந்தது போதும். பதினொரு மாதமாகிவிட்டது. சின்ன வயதில் நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன், ஆனால் யாரோடும் மல்லுக்கு நிற்காமல் ஒரு நாள்கூட இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் பதினொரு மாதம் பேசாமல் இருந்தேன்.

அடுத்த மாதம் உன் முதலாம் ஆண்டுத் திதி. அத்தான் பத்திரிகையில் நினைவஞ்சலி கொடுப்பார். பட்டுப்புடவை கட்டி, பெரிய பொட்டு வைத்து, ஸ்டூடியோவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்த அந்தப் படம்தான் வரும். தொப்பி போட்ட படம் வராது. முழங்காலெல்லாம் செம்மண்ணோடு, வாயில் எதையோ மென்றுகொண்டு, கண்ணைச் சுருக்கிப் பந்தைப் பார்க்கிற படம் வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

முதலில் ஒரு பழைய கணக்கு. உன் கருமாதியன்று மண்டபத்தில் ஒரு தலைவர் மைக்கைப் பிடித்தார். பெயர் வேண்டாம், பெயர் போட்டால் அதையும் பெருமையாக எடுத்துக்கொள்வார். "அம்மையார் நமது சாப்ட்பால் குழுவுக்குப் பின்னணியில் நின்று பேருதவி புரிந்தவர்" என்றார். பின்னணியா? பதினான்கு ஆண்டு நான்காவது ஆளாக மட்டை பிடித்தவள் நீ. முதல் மூன்று பேர் ஓடிப் போய்த் தளங்களில் நிற்பார்கள். அவர்களைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற அடி அடிக்க வேண்டியவர்தான் நான்காவது ஆள். அது பின்னணியா?

குழுவைத் தொடங்கியவளும் நீதான். பெயர் வைத்தவளும் நீதான். பதிவுப் பாரத்தில் 'பெலெப்பா' என்று எழுதினாய். செம்பனை மரத்து மட்டையைப் போய் ஏன் ஒரு குழுவுக்குப் பெயராக வைக்கிறீர்கள் என்று மலாய்க்கார அதிகாரி கேட்டாராம். "எங்கள் மொழியில் பந்தை அடிப்பதும் மட்டை, மரத்திலிருந்து வெட்டிப் போடுவதும் மட்டை. நாங்கள் இரண்டையும் பிடித்தவர்கள்" என்று மலாயில் சொன்னாயாம். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாராம். நீ போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. "அதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்றேன்.

நான் ஜப்பானில் பொறியியல் படித்தவன். பல்கலைக்கழகத்தில் பேஸ்பால் ஆடியவன். அங்கே பந்து தோளுக்கு மேலிருந்து கிளம்பி, தையல் தெரியாத வேகத்தில் வரும். நீங்கள் ஆடுவதோ மெதுப்பந்து சாப்ட்பால். கையைக் கீழே வைத்து, பெரிய பந்தை மேலே தூக்கிப் போடுவது. "பூசணிக்காய உருட்டி விட்டு ஆடுறீங்க" என்றேன். "அப்ப வந்து அந்தப் பூசணிக்காய ஒடச்சுக் காட்டுடா" என்றாய். ஒவ்வோர் ஆண்டும் அழைத்தாய். நான் இருக்கும் ராவாங்கிலிருந்து நீங்கள் ஆடும் கோல சிலாங்கூருக்கு என்ன தூரம்? காலையில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால் முதல் ஆட்டத்துக்கு வந்துவிடலாம். நான் வரவில்லை. ஒரு முறைகூட வரவில்லை.

இனி என் பெரிய குறைக்கு வருகிறேன்.

உன் பெட்டியை மூடப் போகிற நேரம். பரமேஸ் ஓடி வந்தாள். உன் குழுவில் மூன்றாவது தளத்தில் நிற்பவள், செம்பனை ஆலையில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவள், அவளேதான். "அக்கா மட்டைய வைங்க! மட்டைய வைக்காம அனுப்பாதீங்க!" என்று அழுதாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர், "பச்ச மட்ட லோரியிலேயே கெடக்கும்மா, எத்தன வேணும்?" என்று கேட்டார். அந்த அழுகைக்கு நடுவிலும் இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு உயிர் இருந்திருந்தால் நீதான் முதலில் சிரித்திருப்பாய்.

பெட்டி கொண்டுவந்தவர், "இரும்பு, அலுமினியம் எதுவும் வைக்கக் கூடாதுங்க. மின்சுடலையில ஒத்துக்க மாட்டாங்க" என்றார். அத்தான் உள்ளே போனார். உன் ஸ்டோர் அறையில் இரண்டு மட்டைகள் இருந்தன. ஒன்று உன்னுடைய அலுமினிய மட்டை. இன்னொன்று என்னுடையது. ஜப்பானிலிருந்து கொண்டுவந்த மர மட்டை. என் கல்யாணத்துக்கு முன்பு உன் வீட்டில் தங்கியிருந்தபோது அங்கேயே விட்டுவிட்டுப் போனது. பிடிக்கு அடியில் என் பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதியிருந்தேன். என் வாழ்க்கையில் நான் உண்மையாகவே நன்றாகச் செய்த ஒரு காரியத்துக்கு அது ஒன்றுதான் சாட்சி.

அத்தான் அதைத்தான் எடுத்துவந்து உன் வலக்கை ஓரமாக வைத்தார்.

பதினான்கு ஆண்டு உன்னோடு ஒரே குழுவில் ஆடிய மனிதருக்கு, பேஸ்பால் மட்டைக்கும் சாப்ட்பால் மட்டைக்கும் வித்தியாசம் தெரியாதா? தெரிந்தே செய்தாரா? கேட்கவில்லை. பிணத்துக்கு முன்னால் மட்டைக்குச் சண்டை போட்டான் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். மூடியைப் போட்டார்கள். என் மட்டை உன்னோடு எரிந்தது. அன்றிலிருந்து நான் அத்தானோடு பேசவில்லை. கருமாதியில் அவர் நீட்டிய காப்பியைக்கூட வாங்கவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பரமேஸ் போன் செய்தாள்.

"அண்ணே, ஒங்களுக்கு ஞாயித்துக்கெழம வேல இருக்கா?"

"எதுக்கும்மா?"

"கலப்புக் குழுன்னா அஞ்சு ஆம்பள, அஞ்சு பொம்பள வேணும்ணே. அக்கா எடத்துக்கு எப்படியோ ஒரு புள்ளய புடிச்சுட்டோம். அத்தான்தான் வர மாட்டேங்கறாரு. அக்கா போனதுலேருந்து அவரு திடல் பக்கமே வர்றதில்ல. நாலு ஆம்பளய வச்சுக்கிட்டு என்னா செய்யறது? பேர அடிச்சுருவாங்க லா."

"எனக்கு அம்பத்து மூணு வயசாகுது."

"பந்து போடற எங்க பிச்சருக்கு அம்பத்தெட்டு."

"அவர் தினமும் ஆடுறவர்."

"தெனமும் இருமறவருண்ணே. நீங்க வாங்க. பேஸ்பால் ஆடுன ஆளுன்னு அக்கா எங்ககிட்டப் பெரும அடிச்சுக்கிட்டே இருப்பாங்க."

நீ என்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தாயா, அக்கா? என்னிடம் ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லையே?

போட்டி விதியை அவள் சொன்னாள். மூன்று ஆட்டம். மூன்றில் ஒன்றையாவது ஜெயிக்காத குழுவுக்கு அடுத்த ஆண்டு இடமில்லை, புதிதாக வரக் காத்திருக்கும் குழுக்கள் நிறைய. ஆக, ஐந்தாவது ஆண் கிடைக்காவிட்டால் பெலெப்பா இந்த ஆண்டே முடிந்தது. கிடைத்து மூன்றிலும் தோற்றால் அடுத்த ஆண்டு முடிந்தது. நீ உண்டாக்கியதில் மிச்சம் இருப்பது அந்தக் குழு ஒன்றுதான். வருகிறேன் என்றேன்.

"அத்தான் மட்டை சும்மாதான் கெடக்கு. கேட்டு வாங்கிக்கலாம்ணே."

"வேணாம். நான் சொந்தமா வாங்கிக்கறேன்" என்றேன்.

வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே கம்பீரமான மட்டையைப் பார்த்து எடுத்தேன். கறுப்பு நிறம், தடித்த தலை, கையில் எடுத்தாலே இருபது வயது குறைந்தது போல் இருந்தது. கடைப் பையன் ஏதோ சொல்ல வந்தான். மட்டையைப் பற்றி எனக்கே பாடமா என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

முதல் பயிற்சியன்று பரமேஸ் பையிலிருந்து ஓர் உலோக வளையத்தை எடுத்தாள். போட்டியில் நடுவர் ஒவ்வொரு மட்டையையும் அதற்குள் விட்டுப் பார்ப்பாராம். என் மட்டையின் தலை அதற்குள் நுழையவே இல்லை. சின்ன வளையலைத் தடித்த கையில் திணிப்பது போல அவள் திருகித் திருகிப் பார்த்தாள்.

"அண்ணே, இது பேஸ்பால் மட்டை."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள், பெரிய நாகரிகக்காரர்கள். பிச்சர் மட்டும் இருமினார்.

"பேஸ்பால்ல பந்து சின்னது, மட்ட குண்டு. நம்மள்துல பந்து பெருசு, மட்ட ஒல்லி. எழுதியிருக்கும் பாருங்க" என்று மட்டையில் இருந்த எழுத்தைக் காட்டினாள். எழுதித்தான் இருந்தது. முப்பது ஆண்டு தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான உதிரிப் பாகங்களின் அளவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

அப்புறம் உன் மட்டையைக் கொடுத்தார்கள். அத்தான் அதைப் பரமேஸிடம் ஒப்படைத்திருக்கிறார். அதைக் கையில் வாங்கியபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது, அதை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அது எனக்கு மிகவும் இலேசு. வீசினால் பந்து வருவதற்கு முன்பே முழுச் சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது.

கோளாறு மட்டையில் மட்டும் இல்லை. பேஸ்பாலில் பந்து எறிகிறவன் கையை விட்டுக் கிளம்பும்போதே அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது. இங்கே பந்து ஆள் உயரத்துக்கு மேலே எழும்பி, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாவகாசமாக இறங்குகிறது. நான் அது மேலே போகும்போதே காலை எடுத்து வைத்துவிடுவேன். பந்து இறங்கும்போது என் உடம்பு எங்கேயோ போயிருக்கும். அடித்ததெல்லாம் நேராக மேலே போய்ப் பிச்சரின் கையிலேயே விழுந்தது. பூசணிக்காய், அக்கா. அந்தப் பூசணிக்காயை நான்கு ஞாயிற்றுக்கிழமை என்னால் உடைக்க முடியவில்லை.

பரமேஸ்தான் வழி சொன்னாள். "அண்ணே, ஒங்களுக்கு யாரு மேலயாவது கோவம் இருக்கா?"

"இருக்கு."

"பந்து மேல போறப்ப அந்த ஆள நல்லாத் திட்டுங்க, மனசுக்குள்ள. திட்டி முடிச்சுட்டு அடிங்க. சரியா இருக்கும்."

அவளுக்கு என்னைப் பற்றி யார் சொன்னது? நீயாகத்தான் இருக்கும். நான் அப்படியே செய்தேன். ஒரு பந்துக்கு ஒரு பகை. எனக்குக் கீழே வேலை பழகி எனக்கு மேலே போன மேலாளருக்கு ஒரு பந்து. மைக் பிடித்த தலைவருக்கு ஒரு பந்து. அத்தானுக்கு மூன்று பந்து. காத்திருக்கக் கற்றுக்கொண்டேன். என்னிடம் இருந்த சரக்குக்குப் பயிற்சி நேரம்தான் போதவில்லை.

ஆனாலும் மட்டை இலேசுதான். பரமேஸ் என்னை நிற்க வைத்து, உன் மட்டையைப் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி எண்ணினாள். குழுவில் யாருக்கு எந்த மட்டை என்று நீ இப்படித்தான் பார்ப்பாயாம். நுனி சீக்கிரம் தாழ்ந்தால் கனம் அதிகம், ஆடாமல் அசையாமல் நின்றால் கனம் போதாது. அவள் எண்ணிக் களைத்துப் போனாள், மட்டை அசையவில்லை. "அக்கா மட்ட ஒங்களுக்குச் செரிவராதுண்ணே" என்றாள். மற்றவர்களின் மட்டைகளையும் பார்த்தோம். எல்லாம் எனக்கு இலேசு. பாக்கி இருந்தது அத்தானுடைய மட்டை ஒன்றுதான்.

ஒரு வாரம் யோசித்தேன். வேறு ஒன்று வாங்கலாமா என்று கடைவரை போய்விட்டுத் திரும்பினேன். ஒரு முறை ஏமாந்தவனுக்கு அந்தக் கடைப் பையனின் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை உன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அத்தான் இளைத்திருக்கிறார், அக்கா. பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் குழாயை அப்படியே கீழே போட்டார்.

"வா மச்சான். உக்காரு. காப்பி கலக்கறேன்."

"வேணாம் அத்தான். ஒங்க மட்டை வேணும்."

"ஆடறியாம்ல, பரமேஸ் சொல்லுச்சு. எடுத்துக்க." குழாயை மூடிவிட்டு, "ஒன் மட்ட என்னாச்சு?" என்றார்.

நான் கடையில் வாங்கிய மட்டையைத்தான் அவர் கேட்டார் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்கு ஒரே மட்டைதான் கண்ணுக்கு முன் வந்தது.

"நீங்கதான் பெட்டியில வச்சு எரிச்சிட்டீங்களே" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை, புரியாத பார்வை. பிறகு மெதுவாக, "அது ஒன்னோடதா?" என்றார்.

"பின்ன? பிடிக்குக் கீழ என் பேரு எழுதியிருந்துச்சே!"

"பேரா? பேரு எங்க மச்சான் இருந்துச்சு? அவ புடிச்சுப் புடிச்சு எல்லாம் அழிஞ்சு போச்சு." பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தைக் காட்டினார். "தெனம் காலையில அங்க நின்னு அம்பது தடவ வீசுவா. மழன்னா போர்ட்டிகோல. காய்ச்சல்னாலும் விட மாட்டா. 'மொதல்ல தம்பி மட்ட, அப்பறம் என் மட்ட'ன்னுவா. கேட்டுக் கேட்டு எனக்கு அது அந்த மட்டைக்கு வச்ச பேரு மாதிரி ஆயிப்போச்சு. அந்தக் கனத்த வீசிட்டு அலுமினியத்தப் புடிச்சா வௌக்கமாறு மாதிரி இருக்கும்பா. அவ கை வேகம் அதுல வந்ததுதான்."

நான் அந்தத் துணிக்கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெட்டியில அலுமினியம் கூடாதுன்னாங்க. மரந்தான் வைக்கலாம். எனக்கு யோசிக்கவே தோணல மச்சான். தெனம் அவ கையில இருந்தது அதானே? நீ கேப்பேன்னு தெரிஞ்சிருந்தா..." என்று நிறுத்தினார். பிறகு சொன்னார்: "நீ ஒரு நா வந்து பாத்திருந்தா ஒனக்கே தெரிஞ்சிருக்கும்."

அவர் குத்திக் காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். இத்தனை மாதம் நான் அவர் மேல் சுமத்திய வழக்கு அந்த ஒரு வாக்கியத்தில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. காப்பி கலக்கினார். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

அவருடைய மட்டை எனக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. கையை நீட்டி எண்ணினால், எங்கே தாழ வேண்டுமோ அங்கே நுனி தாழ்ந்தது.

இனி ஆட்டத்தைச் சொல்கிறேன், அதற்காகத்தானே இவ்வளவும். சுங்கை ஆயர் தாவார் குழுவிடம் தோற்றோம். சுங்கை பஞ்சாங் குழுவிடமும் தோற்றோம், அங்கே எல்லாரும் வயலில் வேலை செய்கிற பிள்ளைகள், காலில் சக்கரம் கட்டியவர்கள். மூன்றாவது ஆட்டம் கலும்பாங்கோடு. கடைசிச் சுற்றில் அவர்கள் ஆடி முடித்துவிட்டார்கள், இரண்டு பக்கமும் சமம், மட்டை எங்கள் கையில். ஒருவர் அவுட். பரமேஸ் மூன்றாவது தளத்தில் நிற்கிறாள். நான்காவது ஆள் நான்.

ஆமாம், உன் இடத்தில்தான் என்னை நிறுத்தினார்கள். நான் கேட்டு வாங்கவில்லை.

பந்து மேலே போனது. வழக்கம் போல அத்தானைத் திட்டப் போனேன். திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. அவசரத்துக்குத் தலைவரைப் பிடித்துக்கொண்டேன். "பின்னணியில் நின்று" என்று அவர் சொன்னது முழுவதும் மனதில் ஓடி முடிந்தது. பந்து இறங்கியது. அடித்தேன்.

வலப்பக்கம் உயரமாகப் போனது. கலும்பாங் ஆள் பின்னால் ஓடி ஓடிப் பிடித்துவிட்டான். நான் அவுட். ஆனால் பந்து பிடிபட்ட பிறகு தளத்தில் நிற்பவர் ஓடலாம் என்பது விதி. அவன் கையில் பந்து விழுந்த கணத்தில் பரமேஸ் தளத்தை மிதித்துவிட்டுக் கிளம்பினாள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பந்து வருவதற்கு முன்பே வீட்டுத்தளத்தில் விழுந்து சறுக்கினாள். அவள் அவுட் இல்லை என்று நடுவர் இரண்டு கையையும் விரித்தார். ஜெயித்துவிட்டோம்.

என் பெயருக்கு நேரே 'அவுட்' என்றுதான் எழுதினார்கள். நான் வாங்கிய பட்டங்கள், சான்றிதழ்கள் எதைப் பார்த்தும் எனக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை. பெலெப்பா இருக்கிறது, அக்கா. அடுத்த ஆண்டும் இருக்கும். கலும்பாங் குழுவின் தலைவி வந்து கை கொடுத்து, "அந்த நாலாவது அக்காவோட தம்பியா நீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவங்க நின்னா நாங்க எல்லாரும் பத்தடி பின்னால போயிடுவோம்" என்றாள். மைக் பிடித்தவர் அங்கே இருந்திருக்க வேண்டும். அவரை மட்டும் நான் மன்னிக்கப் போவதில்லை, அதை நீ கேட்காதே.

காருக்கு நடக்கும்போது பரமேஸ் சொன்னாள்: "அத்தான் வந்திருந்தாருண்ணே. அந்தப் பக்கம் ரோட்டோரத்துல மோட்டார்ல உக்காந்தே பாத்தாரு. ஹெல்மெட்டக்கூடக் கழட்டல. நாம ஜெயிச்சதும் போயிட்டாரு."

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் முட்டி ஒத்துழைக்கும்வரை ஐந்தாவது ஆணாக நிற்பேன். அத்தான் திரும்பி வந்தால் அவருடைய மட்டையையும் இடத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டு வெளியே உட்காருவேன். உட்கார்ந்து பார்ப்பேன். நான் செய்யாமல் விட்டது அதுதானே?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகையின் ஞாயிறு பக்கத்துக்கு அனுப்புகிறேன். அத்தான் அதை ஒரு வரி விடாமல் படிப்பவர். கீழே என் முழுப் பெயரை எழுதினேன், பிறகு அந்தக் கடைசித் தாளை மட்டும் பெயரை விட்டுவிட்டு வேறு தாளில் படியெடுத்தேன். பெயர் இருந்தால் அவர் என் வாசலுக்கு வந்து ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். நானும் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் இருவருக்கும் அது வராது. பெயர் இல்லாவிட்டால், யாரோ ஒருவன் தன் அக்காவுக்கு எழுதியது என்று மடித்து வைத்துவிட்டு அவர் காப்பி குடிக்கப் போகலாம். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம் மட்டும் இருக்காது. பெயரில்லாத கடிதத்தைப் போடுவார்களோ மாட்டார்களோ, அது பத்திரிகைக்காரர் பாடு. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி